விலைபோகாத ஒருவரின் வீடு

காசல்பார் ஊரின் நடுவே 'மால்' என்று சொல்லப்படும் புல்வெளிப் பூங்கா இருக்கிறது. அதன் ஓரத்தில் ஜான் மூரின் கல்லறை. அயர்லாந்தின் மேற்கே இருக்கும் மேயோ கவுண்டிக்கு காசல்பார்தான் தலைநகர். 1798 ஆகஸ்டில், ஆங்கில ஆட்சிக்கு எதிரான ஐரிஷ் கிளர்ச்சிக்கு உதவ, ஆயிரம் பிரெஞ்சு வீரர்கள் இந்தக் கவுண்டியின் கடற்கரையில் இறங்கினார்கள். ஐந்தே நாளில் காசல்பாரில் ஆங்கிலப் படையை ஓட ஓட விரட்டினார்கள். ஆகஸ்ட் 31 அன்று தளபதி அம்பேர், ஜான் மூர் என்ற இளைஞரை, மேற்கு மாகாணமான கொனாட்டின் குடியரசுக்குத் தலைவராக அறிவித்தார். அந்தக் குடியரசு இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. மூர் பிடிபட்டார், நாடு கடத்தும்படி தீர்ப்பானது. கப்பல் ஏறும் முன்பே, 1799 டிசம்பரில், தெற்கே வாட்டர்ஃபோர்டில் இறந்துபோனார். அங்கேயே புதைத்தார்கள். 1961-இல் அவருடைய எலும்புகளை எடுத்துவந்து, ராணுவ மரியாதையோடு இந்தப் பூங்காவில் அடக்கம் செய்தார்கள்.

கல்லறையின் முன் நின்று பார்த்தால் பழைய இம்பீரியல் ஹோட்டல் கட்டடம் தெரிகிறது. 1879 ஆகஸ்டில் மைக்கேல் டேவிட்டும் தோழர்களும் கூடி, குத்தகைக் குடிகளின் உரிமைக்காக மேயோ நில லீக்கைத் தொடங்கியது அங்கேதான். பூங்காவோ ஒரு காலத்தில் லூகன் பிரபுவின் கிரிக்கெட் மைதானம். 1840-களின் பெரும் பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான குத்தகைக் குடிகளை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியவர் அந்தக் குடும்பத்தின் மூன்றாவது பிரபு. இந்த ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வந்தாலே மேயோவின் நூறாண்டுக் கதை கைக்கு வந்துவிடும்.

நான் வந்தது ஜான் மூருக்காக அல்ல. அவருடைய சகோதரர் மகன் ஜார்ஜ் ஹென்றி மூருக்காக. அயர்லாந்துக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. உள்ளேயும் பலருக்குத் தெரியாது. மேயோ தொகுதிக்கு நான்கு முறை நாடாளுமன்றத் தேர்தலில் வென்றார், அமைச்சராகவில்லை, ஒரு சட்டமும் அவர் பெயரில் இல்லை. ஆனால் பதவிக்காக வாக்கை மாற்றிக்கொள்ளாத அரசியல்வாதி எப்படி வாழ்ந்தார், எப்படி முடிந்துபோனார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அவருடைய வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காசல்பாரிலிருந்து தெற்கே போகும் சாலையில் கல் அடுக்கிய குட்டைச் சுவர்கள் இருபுறமும் கூடவே வருகின்றன. வழியில் பாலின்டபர் மடாலயம். 1216-இல் கட்டியது, கூரை போன காலத்திலும் இங்கே பூசை நின்றதில்லை என்று ஊரே பெருமைப்படுகிறது. அதைத் தாண்டினால் கார்னகன் என்ற சிற்றூர். அப்புறம் காடு. மரங்களுக்கு இடையே கேரா ஏரி சட்டென்று கண்ணில் படுகிறது.

இப்படி ஒரு நிறத்தில் நான் ஏரி பார்த்ததில்லை. வெளுத்த பச்சை. கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் திரிந்து அடியில் வெள்ளைச் சேறாகப் படிந்திருக்கிறது. ஆழமும் குறைவு. வெயில் விழும்போது அந்த வெண்மை மேலே தெரிகிறது. மேகம் மறைத்தால் ஈயம் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. படகு கட்டும் இடத்தில் கையை விட்டு அடியைத் தொட்டேன். விரலில் ஒட்டிய சேறு காய்ந்ததும் திருநீறு மாதிரி உதிர்ந்தது.

ஏரியைப் பார்த்தபடி மக்ளூன் குன்றின்மேல் மூர் ஹால் நிற்கிறது. நிற்கிறது என்றால் நான்கு சுவர்கள். கூரை இல்லை, மாடித் தளங்கள் இல்லை, ஜன்னல்களில் சட்டம் இல்லை. முகப்பில் தூண்களும் அவற்றின்மேல் ஒரு பால்கனியும் மட்டும் கம்பீரம் குறையாமல் இருக்கின்றன. உள்ளே சாப்பாட்டு அறையும் நூலகமும் இருந்த இடத்தில் மரங்கள் வளர்ந்து, சுவர் உயரத்துக்கு வந்துவிட்டன. ஜன்னல் துளைகள் வழியே கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுவர்கள் எந்த நேரமும் சரியலாம் என்பதால் உள்ளே போக அனுமதியில்லை. முகப்பில் குடும்பத்தின் லத்தீன் வாசகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்: வீரன் விழலாம், பணிய மாட்டான் என்று பொருள்.

இதைக் கட்டியவர் ஜான் மூரின் அப்பா, முதலாம் ஜார்ஜ் மூர். கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்கள் அயர்லாந்தில் கெடுபிடியாக இருந்த காலத்தில் அவர் ஸ்பெயினின் அலிகாந்தே துறைமுகத்துக்குப் போய், ஒயினும் பிராந்தியும் ஏற்றுமதி செய்து பெரும் செல்வம் சேர்த்தார். அங்கேயே குடியேறிய ஐரிஷ் குடும்பத்தில் பெண் எடுத்தார். சட்டங்கள் தளர்ந்ததும் ஊர் திரும்பி நிலம் வாங்கினார். வாட்டர்ஃபோர்டின் கட்டடக் கலைஞர் ஜான் ராபர்ட்ஸை அமர்த்தி, 1792 முதல் 1795 வரை இந்த வீட்டைக் கட்டினார். இரண்டு பேராலயங்களைக் கட்டிய கை அது. வீடு முடிந்து சில ஆண்டுகளில் கிழவருக்குப் பார்வை போய்விட்டது. மூத்த மகன் குடியரசுத் தலைவரானதையும் கைதானதையும் காதால் கேட்டுக்கொண்டே இருந்து, 1799-இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மகன் இன்னொரு ஜார்ஜ். வரலாறு எழுதுவதைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாமல் நூலகத்தில் காலம் கழித்த மனிதர். அவருடைய மூத்த பிள்ளைதான் ஜார்ஜ் ஹென்றி. 1810 மார்ச் 1 அன்று இந்த வீட்டில் பிறந்தார், கேம்பிரிட்ஜ் போனார், படிப்பில் மனம் செல்லவில்லை. கிழக்கே பயணம் போய், சிரியாவையும் சாக்கடலையும் பார்த்துவிட்டு வந்தார். வந்த பிறகு குதிரை, குதிரை, குதிரைதான். மூர் சகோதரர்கள் குதிரைமேல் பயம் அறியாதவர்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஒரு தம்பி 1829-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். இன்னொரு தம்பி அகஸ்டஸ் 1845-இல் லிவர்பூலில், கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அந்த வருடம் இலையுதிர் காலத்தில்தான் உருளைக்கிழங்குச் செடிகள் அயர்லாந்து முழுவதும் கருகத் தொடங்கின.

அடுத்த ஆண்டு நடந்தது மேயோவில் இன்றும் சொல்லப்படுகிறது. 1846 மே மாதம் ஜார்ஜ் ஹென்றியின் கொரன்னா என்ற குதிரை செஸ்டர் கோப்பையை வென்றது. பந்தயத்தில் அவருக்குப் பத்தாயிரம் பவுண்டுக்கும் குறையாமல் கிடைத்தது. அன்றே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்: நம் நிலத்தில் இருக்கும் ஏழைகளுக்கு இதில் ஒரு பங்கு போக வேண்டும், உடனே கொடுக்கத் தொடங்குங்கள் என்று. பணம் தானமாகவும் வேலையாகவும் குடிகளுக்குப் போனது. 1847-இல் பஞ்சம் உச்சத்துக்கு வந்தபோது ஸ்லைகோ பிரபுவோடும் இன்னொரு நிலக்கிழாரோடும் சேர்ந்து 'மார்த்தா வாஷிங்டன்' என்ற கப்பலைப் பிடித்து, நியூ ஆர்லியன்ஸிலிருந்து மாவு வரவழைத்தார். வெஸ்ட்போர்ட் துறைமுகத்தில் அதை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றார்கள்; ஆயிரக்கணக்கான பவுண்டு நஷ்டத்தை மூவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

மேயோவின் மக்கள்தொகை 1841-இல் மூன்று லட்சத்து 88 ஆயிரம். 1851-இல் இரண்டு லட்சத்து 74 ஆயிரம். பத்தாண்டில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது கப்பலேறினார்கள். அத்தனைக்கும் நடுவில் மூர் நிலத்திலிருந்து ஒருவரையும் வெளியேற்றவில்லை, ஒருவரும் பட்டினியால் சாகவில்லை என்பது இந்தப் பக்கத்து மக்களின் சொல். என்னை அழைத்துவந்த டாக்சி ஓட்டுநர் அறுபதைத் தாண்டியவர். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் சொன்னது அதைத்தான். "எங்க பாட்டிக்கு அவங்க பாட்டி சொன்னதுங்க. லூகன் நிலத்துல புகைபோக்கி எல்லாம் சாஞ்சுது, மூர் நிலத்துல அடுப்பு எரிஞ்சுது." நூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகும் ஒரு குடும்பம் பாட்டி வழியாக ஒரு நிலக்கிழாருக்கு நன்றி சொல்கிறதென்றால், அதை ஆவணத்துக்குக் குறைவான சாட்சியாக நான் நினைக்கவில்லை.

பஞ்சம்தான் அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. 1846 இடைத்தேர்தலில் தோற்றார். 1847 பொதுத் தேர்தலில் வென்றார். வெஸ்ட்மின்ஸ்டரில் போய் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது. ஐரிஷ் உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தும் ஒன்றும் நடப்பதில்லை. கொஞ்சம் குரல் கொடுத்ததும் அரசு ஒரு பதவியைக் காட்டும், குரல் அடங்கிவிடும். ஆகவே மூரும் நண்பர்களும் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். குத்தகைக் குடிகளுக்கு நியாயமான குத்தகை வாரம், நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, தான் செய்த மேம்பாட்டை விற்கும் உரிமை ஆகியவற்றைத் தரும் சட்டத்தை எந்த அரசு ஏற்கவில்லையோ அந்த அரசை எதிர்ப்பது. அதனிடம் எந்தப் பதவியும் பெறாதிருப்பது. 1852 தேர்தலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த உறுதிமொழியோடு வென்றார்கள். அந்த டிசம்பரில் அவர்களுடைய வாக்குகள் டெர்பி பிரபுவின் அரசைக் கவிழ்த்தன. வெறும் 19 வாக்கு வித்தியாசம்.

அடுத்து ஏபர்டீன் பிரபுவின் அரசு அமைந்தது. சில நாட்களுக்குள் உறுதிமொழி எடுத்தவர்களில் இருவர் பதவி ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் ஜான் சாட்லியர், வங்கிக்காரர், கருவூலத்தில் இடம். இன்னொருவர் வில்லியம் கியோ, அத்லோன் உறுப்பினர்; அயர்லாந்துக்கான அரசு வழக்கறிஞர் பதவி. கடவுளை சாட்சியாக வைத்து மேடையில் சத்தியம் செய்தவர் கியோ. டப்ளினிலிருந்து வரும் ரயில் அத்லோனில் ஷானன் ஆற்றைக் கடக்கும். அங்கே வண்டி நின்றபோது எனக்கு இந்த ஆளின் நினைவுதான் வந்தது. பிறகு நீதிபதியாகவும் ஆனார். சாட்லியரின் வங்கி 1856 பிப்ரவரியில் திவாலானது. பொய்க் கணக்குகள் வெளியே வரும் முன் லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் அவர் விஷம் குடித்துச் செத்தார். அவரை நம்பிப் பணம் போட்ட சிறு விவசாயிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

கட்சி உடைந்தது. மூர் உடையவில்லை. சபையில் எழுந்து, போனவர்களைப் பெயர் சொல்லி விளாசினார். மேயோவின் பேச்சாளர்களிலேயே அவருடைய நாவுக்குத்தான் எல்லாரும் அஞ்சினார்கள். 1857 தேர்தலில் மறுபடி வென்றார். ஆனால் பாதிரிமார்கள் வாக்காளரை மிரட்டினார்கள் என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது, வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது. பதினொரு ஆண்டுகள் சபைக்கு வெளியே இருந்தார். அந்த ஆண்டுகளில் பதவி வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. மறுபடியும் குதிரைகளை வளர்த்தார். அந்த வருமானம் வேண்டியிருந்தது.

இவரை முழு உத்தமராக எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டாயிரம் ஏக்கர் நிலத்தின் வாரத்தில் வாழ்ந்தவர் அவர். குடிகளுக்காகப் பேசிய நாக்குக்குச் சோறு போட்டதும் குடிகளின் வாரம்தான். அந்த முரண் கடைசியில் அவரைத் தேடி வந்தது. 1868-இல் மேயோ அவரை மறுபடி சபைக்கு அனுப்பியது. சிறையில் இருந்த ஃபீனியன் புரட்சியாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். 1870 வசந்தத்தில் பாலின்டபரில் அவருடைய சொந்தக் குடிகளே வாரத்தைக் குறைக்கச் சொல்லி, மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்று சுவரொட்டி ஒட்டினார்கள். லண்டனிலிருந்து விரைந்து வந்தார். வந்த சில நாளில், ஏப்ரல் 19 அன்று, இதே வீட்டில் இறந்துபோனார். அறுபது வயது. கிலதூம் என்ற குடும்ப இடுகாட்டில், மாளிகைக்குப் பக்கத்துக் காட்டுக்குள் புதைத்தார்கள்.

மகன்கள் இருவர் பெயர் பெற்றார்கள். மூத்தவர் ஜார்ஜ் அகஸ்டஸ் மூர், நாவலாசிரியர். பதினெட்டு வயதில் நிலத்துக்கு வாரிசானார்; இருபத்தொரு வயது நிறைந்ததும் பாரிசுக்குப் போய் ஓவியம் படித்தார். மானே அவரை 1879-இல் வரைந்த படம் இன்று நியூயார்க்கில் இருக்கிறது. நில லீக் போராட்டத்தில் வாரம் வருவது நின்றதும் எழுதிப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1894-இல் வந்த 'எஸ்தர் வாட்டர்ஸ்' நாவலில் பந்தயக் குதிரைகளின் லாயம் அவ்வளவு உயிரோடு இருப்பதற்கு மூர் ஹால் லாயம்தான் காரணம். 1905-இல் வந்த 'தி லேக்' நாவலில் ஒரு பாதிரியார் கரையில் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஏரியை நீந்திக் கடந்து ஊரைவிட்டே போகிறார். அந்த ஏரி இந்தக் கேராதான்.

இளையவர் மாரிஸ், கர்னல். பிரிட்டிஷ் ராணுவத்தில் தென்னாப்பிரிக்கப் போரில் இருந்தவர். அங்கே போயர் குடும்பங்களுக்கு நடந்ததைக் கண்டு மனம் மாறி, வெளியே சொன்னவர். ஐரிஷ் மொழி இயக்கத்துக்கு உழைத்தார். 1913-இல் தொடங்கிய ஐரிஷ் தொண்டர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி அதே ஆண்டில் வெளியிட்டார். அண்ணன் முன்னுரை எழுதினார். அப்பா மனமுடைந்து தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருக்கலாம் என்று அதில் குறிப்பாகச் சொல்லிவிட்டார். மாரிஸ் அதை மன்னிக்கவில்லை. ஏற்கெனவே மதத்தின் பெயராலும் பிள்ளைகளின் படிப்பின் பெயராலும் இருந்த பிளவு இன்னும் ஆழமாயிற்று. ஒரு தகப்பனை ஒரு மகன் காவியத் தலைவனாகப் பார்த்தார். இன்னொரு மகன் தோற்றுப்போன மனிதனாகப் பார்த்தார். இரண்டுமே உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1922-இல் அயர்லாந்து சுதந்திர அரசு அமைந்தபோது மாரிஸ் அதன் செனட்டரானார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை எதிர்த்த படையினர் செனட்டர்களின் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். 1923 பிப்ரவரி 1 அன்று இரவு மூர் ஹாலுக்கு வந்தார்கள். வீட்டில் குடும்பத்தார் யாரும் இல்லை. வரலாற்று ஆசிரியர் சேர்த்த நூலகம், ஸ்பெயினிலிருந்து வந்த பொருள்கள், எல்லாம் எரிந்தன.

சுவரை ஒட்டிய பாதையில் நடந்துபோய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அடித்தளத்து ஜன்னல் ஒன்றின் மேற்கல்லில் இன்னும் கறுப்பு இருக்கிறது. பாசியா புகையா என்று நகத்தால் சுரண்டினேன். பாசி வந்தது, கறுப்பு வரவில்லை. அந்த இரவில் வந்தவர்கள் எந்த அயர்லாந்துக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ, அதன் முதல் குடியரசுத் தலைவர் பிறந்து வளர்ந்த குடும்பத்தின் வீடு இது. பஞ்சத்தில் குடிகளைக் காத்த வீடு. ஃபீனியன்களுக்காகப் பேசியவரின் வீடு. அன்றைய ஆத்திரத்துக்குக் காரணங்கள் இருந்தன. அரசும் அப்போது கைதிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் இது தவறு. நிலக்கிழார் வீடு என்ற ஒரே அடையாளத்தை வைத்து, உள்ளே யார் வாழ்ந்தார்கள் என்று பார்க்காமல் வைத்த தீ.

நாவலாசிரியர் மூர் 1933-இல் லண்டனில் இறந்தார். சாம்பலை ஒரு தாழியில் வைத்துக் கொண்டுவந்து, கேரா ஏரியின் நடுவில் இருக்கும் காசல் தீவில் பாறைக்குள் புதைத்தார்கள். மாளிகையின் வாசலிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் மரக்கூட்டம் தெரிகிறது. மாரிஸ் 1939-இல் போனார். அவருடைய மகன்களில் ஒருவர் 1918-இல் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்திருந்தார், இன்னொருவர் அமெரிக்காவில் இருந்தார். வீட்டுக்கு யாரும் திரும்பவில்லை.

ஜார்ஜ் ஹென்றி 1852-இல் முயன்றது அப்போது தோற்றது. முப்பது ஆண்டு கழித்து ஐரிஷ் கட்சியின் தலைவர் பார்னெல் அதையே எடுத்தார்: கட்சி உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக வாக்களிக்க வேண்டும், மீறினால் பதவி விலக வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார். அதன் பிறகுதான் லண்டன் அரசுகள் ஐரிஷ் உறுப்பினர்களைப் பார்த்து நடுங்கின. நிலம் மெல்ல மெல்லக் குடிகளின் கைக்கு வந்தது. பார்னெலுக்கு டப்ளினில் சிலை இருக்கிறது. முதலில் அந்த வழியில் நடந்து பார்த்தவருக்கு ஒரு காட்டுக் கல்லறைதான்.

2018-இல் மேயோ கவுண்டி கவுன்சில் இந்த மாளிகையை விலைக்கு வாங்கியது. கூரை போட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பாழிலும் அதன் அடித்தளத்திலும் குதிரைலாட வௌவால்கள் குடியிருக்கின்றன. சட்டம் காக்கும் உயிரினம். அவற்றைக் கலைக்கக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சுவர்கள் விழாமல் பிடித்து நிறுத்தினால் போதும். மரங்களும் வௌவால்களும் இருக்கட்டும். அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது, 1852-இல் அந்த நாற்பது பேர் எடுத்த உறுதிமொழியையும், அதைக் காத்தவர் யார், விற்றவர் யார் என்பதையும் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று படிக்கும்படி வாசலில் எழுதி வைப்பது.

அயர்லாந்து போகும் தமிழர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் டப்ளின் பார்த்துவிட்டு மோஹர் கடற்பாறைகளோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு காசல்பார் வாருங்கள். மாலில் ஜான் மூரின் கல்லறையைப் பார்த்துவிட்டு மூர் ஹாலுக்கு வண்டி பிடியுங்கள்; அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். காட்டுப் பாதையில் நடக்கக் கட்டணம் கிடையாது. நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், எப்போதும் ஈரம். சுவர்களுக்குள் போகாதீர்கள். கிலதூம் எங்கே என்று கேட்டு, அங்கேயும் போய்விட்டு வாருங்கள்.